எலும்பில்லாத பிஸ்கட்

விரதக் காலம் வந்தால் மற்றப் பெண்கள் வேலை கூடிப்போச்சு என்று அலுத்துக்கொள்வார்கள். தனிச் சட்டி, தனிக் கரண்டி, விடியுமுன் குளியல், கவுச்சி படாத அடுப்பு. எனக்கு அந்த அலுப்பு வந்ததே இல்லை. தைப்பூசத்துக்கு முந்தின அந்த விரத நாள்களில்தான் நான் வயிறு இறுகாமல் சோறு தின்பேன்.

காரணத்தை நேராகவே சொல்கிறேன். என் வீட்டுக்காரர் குடிப்பார். குடித்தால் அடிப்பார். விரதம் இருந்தால் குடிக்கமாட்டார். என்னை பக்தி இல்லாதவள் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். எனக்குச் சாமி பயம் கொஞ்சம்தான். மனுஷ பயம்தான் நிறைய.

எண்பதுகளின் தொடக்கத்தில் மலேசியாவில், ஈப்போ டவுனில் புந்தோங் பக்கம் ஒரு பலகை வீட்டின் பின்பாதியில் வாடகைக்கு இருந்தோம். அதற்கு முன் சிலிம் ரிவர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இரண்டு பேரும் பால்மரம் சீவினோம். தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்றுவிட்டு எங்களை வெளியே போகச் சொன்னார்கள். போனோம். அவர் ஈப்போவில் சுண்ணாம்புக்கல் ஏற்றும் லாரி ஓட்டினார். தோட்டத்தில் கள்ளு குடித்தவர் டவுனுக்கு வந்ததும் சம்சுவுக்கு மாறினார். சீனன் கடையில் சின்னப் போத்தலில் விற்கிற மட்டச் சாராயம் அது. கள்ளு குடித்தால் பாட்டுப் பாடிவிட்டுப் படுத்துவிடுவார். சம்சு குடித்தால் ஆளைத் தேடுவார். தேடினால் நான்தான் இருப்பேன்.

மலைப்பாதையில் ஒருமுறை பிரேக் பிடிக்காமல் லாரி உருண்டது. இவர் மட்டும் கீறல் இல்லாமல் எழுந்து வந்தார். அன்றிலிருந்து வருஷா வருஷம் அலகு குத்திக் காவடி எடுப்பதாக வேண்டுதல். விரதத்தில் மிகவும் சுத்தமாக இருப்பார். குரல்கூட உயராது. பிள்ளைகளைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பள்ளிக்கூடப் பாடம் கேட்பார். எனக்கு ஒரு மகள், ஒரு மகன். அந்த நாள்களில் மகன் அவர் மடியில் தலைவைத்துப் படுப்பான். மகள் படுக்கமாட்டாள். அவள் பெரியவள், ஞாபகம் உள்ளவள்.

இந்தப் பிஸ்கட் கதைக்கு முந்தின வருஷம் விரதம் பாதியில் முறிந்தது. பாகான் செராயில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். விரதக்காரர்களுக்கென்று தனியாக வைத்திருந்த சாம்பாரில் யாரோ கருவாட்டுக் குழம்புக் கரண்டியைப் போட்டுக் கலக்கிவிட்டார்கள். இவர் இரண்டு வாய் தின்ற பிறகுதான் தெரிந்தது. தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். "போச்சு, எல்லாம் போச்சு" என்றார். கத்தவில்லை. பஸ் பிடித்து வீடு வந்து சேர்ந்தோம். எங்களை வாசலில் விட்டுவிட்டு நேரே சம்சுக் கடைக்குப் போனார். விரதமே போய்விட்டது, இனி எதற்கு அடக்கம் என்ற கணக்கு. அந்தச் சாயங்காலம் என் வலது தோளைப் பின்பக்கமாக முறுக்கினார். ஆஸ்பத்திரியில் குளியலறையில் வழுக்கிவிட்டது என்று சொன்னேன். சட்டைக்குள் கைவிடும்போது இன்றும் அந்த இடம் ஒரு சத்தம் போடும்.

அதனால்தான் அடுத்த வருஷ விரதத்தை நான் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டேன். எந்தக் கல்யாணத்துக்கும் போகவில்லை. யார் வீட்டுப் பலகாரமும் உள்ளே வரவில்லை.

குடியை நிறுத்தினால் அவருக்கு இனிப்பு கேட்கும். வேலை முடிந்து வந்து குளித்து விபூதி பூசிக்கொண்டு உட்கார்ந்ததும் கை எதையாவது தேடும். மளிகைக் கடையில் பெரிய தகர டின்னில் ஒரு பிஸ்கட் இருக்கும். வட்டமான பிஸ்கட், அதன் மேல் வெள்ளையிலும் ரோஸ் நிறத்திலும் மெத்தென்று ஒரு குமிழ், தேங்காய்ப் பூ தூவியது. நாங்கள் பஞ்சு பிஸ்கட் என்போம். மார்ஷ்மெல்லோ என்ற பேரெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். அவர் ஒரு காகிதப் பை நிறைய வாங்கி வந்து கறுப்புத் தேத்தண்ணியில் தொட்டுத் தொட்டுத் தின்பார். அவர் வாய் அதை மென்றுகொண்டிருக்கும் நேரமெல்லாம் எனக்கு நிம்மதி. பை காலியானதும் அதை மடித்து மடித்துச் சின்னதாக்கி, கால் ஆட்ட ஆரம்பிப்பார். அந்தக் காலாட்டம்தான் எனக்குப் பயம். அடி வருவதற்கு முன்னால் எப்போதும் அந்தக் கால்தான் முதலில் ஆடும்.

பக்கத்து வீட்டில் ஒரு சீனத்தி. ஆசோ என்றுதான் கூப்பிடுவோம், அவர்கள் பாஷையில் அக்கா மாதிரி ஒரு முறை. கல்யாணத்துக்கு முன் ஒரு ரொட்டிக் கடையில் வேலை செய்தவள். சீனப் பெருநாளும் தைப்பூசமும் கிட்டத்தட்ட ஒரே சமயத்தில் வருவதால் அவள் வீட்டில் தினமும் பலகார அடுப்பு எரியும். அவளும் நானும் வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று அரைகுறை மலாயில் பேசிக்கொள்வோம். அமாவாசையிலும் பௌர்ணமியிலும் அவள் மரக்கறிதான் சாப்பிடுவாள். அதற்கென்று தனிச் சட்டியும் கரண்டியும் ஒரு பெட்டியில் பூட்டி வைத்திருப்பாள். அந்த விஷயத்தில் எங்கள் ஆட்களைவிட மோசம்.

ஒரு பௌர்ணமி அன்று அவள் எனக்கு வாழைக்காய் கொடுத்தாள். நான் பதிலுக்கு அவர் வாங்கி வைத்திருந்த பையிலிருந்து இரண்டு பஞ்சு பிஸ்கட்டை நீட்டினேன். அவள் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"இன்னிக்கு வேணாம். அதுல தூலாங் இருக்கு."

தூலாங் என்றால் மலாயில் எலும்பு. அவள் விளையாடுகிறாள் என்று நினைத்தேன்.

"பிஸ்கட்ல எப்படி எலும்பு இருக்கும், ஆசோ?"

"மேல இருக்குற மெத்து. ரொட்டிக் கடையில நானே கலக்கியிருக்கேன். எலும்பையும் தோலையும் காய்ச்சி எடுத்த தூள். அது இல்லன்னா நிக்காது."

"என்ன எலும்பு?"

"மாடோ, பன்னியோ. மூட்டையில படம் போட்டிருக்கா என்ன?" என்று சிரித்தாள்.

நான் சிரிக்கவில்லை. கையில் இருந்த பிஸ்கட்டைப் பார்த்தேன். உள்ளே திரும்பிப் பார்த்தேன். பெஞ்சின் மேல் பை கிடந்தது. விரதம் ஆரம்பித்ததிலிருந்து அவர் தின்ற பைகள் எல்லாம் கண்ணுக்கு முன்னால் வந்தன. கருவாட்டுக் கரண்டிக்கே தோளை முறுக்கியவர். மாட்டெலும்பு என்று தெரிந்தால்?

அவரிடம் சொல்வதா வேண்டாமா என்று நான் யோசிக்கவே இல்லை. சொல்லக்கூடாது. அது முடிந்துபோன விஷயம். ஆனால் அந்தப் பை இனி வீட்டுக்குள் வரக்கூடாது. என்றைக்காவது யாராவது அவரிடம் சொல்லிவிடுவார்கள். லாரிக்காரன் ஒருவன் போதும். "என்னா மச்சான், விரதத்துல எலும்பு கடிக்கிற" என்று ஒரு நக்கல் போதும்.

அன்று சாயங்காலம் அவரிடம், "கடை பிஸ்கட்டுல பழைய வாடை அடிக்குது. நானே செஞ்சு தாரேன்" என்றேன்.

"உனக்கு இதெல்லாம் செய்யத் தெரியுமா?"

"ஆசோ சொல்லித்தருவாங்க."

"சரி, செய்யி. கல்லு மாதிரி செஞ்சிடாதே. பகலெல்லாம் கல்லோடதான் கிடக்கேன்." அவர் பிள்ளைகளைப் பார்த்துச் சிரித்தார். விரதத்தில் இப்படியெல்லாம் பேசுவார்.

அடிப் பிஸ்கட்டில் ஒரு கஷ்டமும் இல்லை. கோதுமை மாவு, நெய், சீனி. ஆசோவின் தகர அடுப்பில் மேலும் கீழும் கரி போட்டுச் சுட்டோம். மேலே வைக்கிற மெத்துதான் உயிரை எடுத்தது. எலும்புத் தூளுக்குப் பதில் அகார் அகார் போடலாம், அது கடல் பாசி, அதில் குற்றம் இல்லை என்று ஆசோ சொன்னாள். காய்ந்த நார் மாதிரிக் கட்டாக விற்கும். ஊறவைத்துச் சீனியோடு காய்ச்சி, நுரைக்க நுரைக்க அடித்தேன். நுரைக்கவில்லை. கண்ணாடி மாதிரி உறைந்து, சவர்க்காரக் கட்டி போல வழுக்கியது.

"முட்டை வெள்ளை போட்டா நுரைக்கும்" என்றாள் ஆசோ.

"முட்டையும் கூடாது."

"உங்க சாமி ரொம்ப சுசா லா" என்றாள். கஷ்டமான ஆள் என்று அர்த்தம்.

அந்தக் கண்ணாடிக் கட்டியை அவர் தின்று பார்த்தார். மறுநாள் கடைப் பை மறுபடியும் பெஞ்சில் இருந்தது. அவர் குளிக்கப் போன நேரத்தில் பையைச் சாக்கடையில் கொட்டிவிட்டு, எறும்பு மொய்த்துவிட்டது என்று சொன்னேன். எத்தனை நாளைக்கு எறும்பைச் சொல்ல முடியும்?

வழி காட்டியது கொண்டைக்கடலை. வெள்ளிக்கிழமை சுண்டலுக்கு வேகவைத்த தண்ணீரை அப்படியே சட்டியில் விட்டிருந்தேன். மறுநாள் அது கொழகொழவென்று கெட்டியாகிக் கிடந்தது. கழுவுவதற்காகக் கையை விட்டு அலசினேன். சவர்க்காரம் போட்ட மாதிரி நுரை பொங்கியது. நான் சவர்க்காரம் போடவில்லை. கொஞ்ச நேரம் அந்த நுரையையே பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு வேலிக்கு ஓடினேன்.

ஆசோ தன் பெட்டியைத் திறந்து முட்டை படாத, நுரை அடிக்கிற கம்பி ஒன்றைக் கொடுத்தாள். சுருள் சுருளாக, பிடி வைத்தது. அவள் அகார் அகார் சீனிப் பாகைக் கம்பிப் பதத்துக்குக் காய்ச்சினாள். நான் கடலைத் தண்ணீரை அடித்தேன். பால்மரம் சீவிய கை, பலம் உண்டு. ஆனால் முறுக்கின தோள். பாதியிலேயே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இடது கைக்கு மாற்றினால் நுரை இறங்கியது. திரும்ப வலது கைக்கு வந்தேன். பழுப்புத் தண்ணீர் வெளுத்து, வெளுத்து, கடைசியில் பஞ்சு மாதிரி நின்றது. ஆசோ சூடான பாகை நூல் மாதிரி ஊற்ற, நான் நிறுத்தாமல் அடித்தேன். பாதிக்கு ரோஸ் சிராப் கலந்தேன். ஆறுவதற்குள் அள்ளி அள்ளி பிஸ்கட் மேல் வைத்துத் தேங்காய்ப் பூவைத் தூவினோம்.

அவர் ஒன்றை வாயில் போட்டார். மென்றார். இன்னொன்றை எடுத்தார். "கடை மாதிரி இழுவை இல்ல. வாயில வச்சதும் கரையுது" என்றார். பிறகு மூன்றாவதை எடுத்தார். காகிதப் பை அதற்குப் பிறகு வரவில்லை.

தைப்பூசம் நெருங்கியதும் அவருடைய அக்கா தைப்பிங்கிலிருந்து வந்தார். எனக்கு நாத்தனார், அண்ணி என்று கூப்பிடுவேன். ஆச்சாரம் பார்க்கிறவர். வந்ததும் என் சட்டிகளை முகர்ந்து பார்த்தார். இரண்டாம் நாள் தம்பி பிஸ்கட் தின்பதைப் பார்த்தார். ஒன்றை எடுத்துக் கையில் நசுக்கினார்.

"முட்டை இல்லாம இவ்ளோ வெள்ளையா எப்படி வரும்?"

"கடலைத் தண்ணி அண்ணி."

"கடலைத் தண்ணியா? நான் என்ன நேத்துப் பொறந்தவளா? கடலைத் தண்ணிய மாட்டுக்கு ஊத்துவாங்க." தம்பி பக்கம் திரும்பினார். "ஏன்டா தம்பி, தின்னுகிட்டே இருக்கியே, என்னா ஏதுன்னு கேட்டியா? சீனத்திகூட சேந்து முட்டைய அடிச்சு ஊத்திருக்கா."

அவர் கையில் இருந்த பாதிப் பிஸ்கட்டைத் தட்டில் வைத்தார். என்னைப் பார்த்தார்.

"முட்டை போட்டியா?"

"இல்ல."

"பொய் சொன்னேன்னு தெரிஞ்சுது..."

"போடல. உங்க கண்ணு முன்னாடியே செஞ்சு காட்டுறேன்."

அண்ணி விடவில்லை. "கடலைய நான் வேகவைக்கிறேன். இவ கை படக்கூடாது. அப்புறம் நுரை வருதான்னு பாப்போம்."

ஞாயிற்றுக்கிழமை. அவர் மஞ்சள் வேட்டியோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மகளை ஆசோ வீட்டுக்கு அனுப்பப் பார்த்தேன். அவள் போகவில்லை, கதவுக்குப் பக்கத்தில் தம்பி கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அங்கிருந்து வாசலுக்கு ஓடுவது சுலபம். அந்த வயதிலேயே அவளுக்கு அது தெரிந்திருந்தது. அதை நினைத்தால் எனக்கு இப்போதும் எரிகிறது.

அண்ணி கடலையை வேகவைத்துத் தண்ணீரை வடித்து என் முன்னால் வைத்தார். ஆறியதும் அடிக்க ஆரம்பித்தேன்.

நுரை வரவில்லை.

மேலே நாலு குமிழ் வந்தது, உடைந்தது. வேகமாக அடித்தேன். மறுபடியும் நாலு குமிழ். தோள் கத்தியது. நிறுத்தவில்லை. கம்பி சட்டியில் உரசுகிற சத்தம் மட்டும் கேட்டது. நான் தலையைத் தூக்கவில்லை. தூக்காமலே அவர் கால் எனக்குத் தெரிந்தது. ஆட ஆரம்பித்திருந்தது.

"அடி, அடி" என்றார் அண்ணி. "சாயங்காலம் வரைக்கும் அடி. தண்ணி தண்ணியாத்தான் இருக்கும்."

மூச்சு வாங்க நிறுத்தியபோது ஜன்னல் வெளிச்சம் சட்டிக்குள் விழுந்தது. தண்ணீரின் மேல் சின்னச் சின்ன வட்டங்கள் மினுங்கின. மழைக்குப் பிறகு ரோட்டில் லாரி எண்ணெய் மினுங்குமே, அந்த மாதிரி.

"அண்ணி, கடலை வேகும்போது என்னா போட்டீங்க?"

"என்னா போடுவாங்க? பொங்கி வழியாம இருக்க ரெண்டு சொட்டு நல்லெண்ணெய். எங்கம்மா போட்டாங்க, நானும் போடுறேன். உங்க வீட்டுல போட மாட்டீங்களா?"

எங்கள் வீட்டிலும் போடுவோம். எல்லார் வீட்டிலும் போடுவார்கள். பருப்புக்கும் போடுவோம், கடலைக்கும் போடுவோம். நுரையை அமுக்கத்தான் அந்த எண்ணெய். அந்த வெள்ளிக்கிழமை டின்னில் எண்ணெய் தீர்ந்துபோனதால்தான் நான் போடவில்லை. அதற்குப் பிறகு பிஸ்கட்டுக்கு எப்படிச் செய்தேனோ அப்படியே செய்துகொண்டு வந்தேன்.

"எண்ணெய் பட்டா நுரைக்காது" என்றேன்.

"பாத்தியா தம்பி, இப்ப பழி என் மேல."

"இன்னும் ஒரு தடவ. கோயிலுக்கு ஊறவச்ச கடலை மிச்சம் இருக்கு. எண்ணெய் இல்லாம வேகவச்சுப் பாருங்க."

அவர் எழுந்தார். ஆணியில் மாட்டியிருந்த சட்டையை எடுத்தார். மகள் மகனை இழுத்துக்கொண்டு ஒதுங்கினாள். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டார். "நான் வர்றதுக்குள்ள செஞ்சு வை" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

சம்சுக் கடை இடது பக்கம். மற்றதெல்லாம் வலது பக்கம். அவர் எந்தப் பக்கம் திரும்பினார் என்று வேலி மறைத்துவிட்டது.

கடலை அடுப்பில் ஏறியது. நாங்கள் இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தோம். கொஞ்ச நேரத்தில் அண்ணி எழுந்து வாசல் வரை போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். மறுபடியும் போனார்.

"அந்தப் பக்கமாவா போனான்?" என்று கேட்டார். குரல் மாறியிருந்தது.

"தெரியல அண்ணி."

"விரதத்துல போகமாட்டான்."

"போன வருஷம் போனாரு."

அண்ணி என் தோளைப் பார்த்தார். விஷயம் அவருக்குத் தெரியும். குடும்பத்தில் எல்லாருக்கும் தெரியும். வழுக்கிவிட்டது என்பதை ஆஸ்பத்திரிக்காரர்கள் மட்டும்தான் நம்பினார்கள், அவர்களும் நம்பினார்களோ என்னவோ. அண்ணி நான் அடித்த சட்டியை எடுத்தார். புளி போட்டுத் தேய்த்தார், வெந்நீர் ஊற்றிக் கழுவினார், துணியால் துடைத்தார், விரலால் தடவிப் பார்த்து மறுபடியும் தேய்த்தார். கம்பியையும் வாங்கி ஒவ்வொரு சுருளாகத் துடைத்தார். தம்பி குடித்துவிட்டு வந்தால் அக்காவுக்கும் பயம்தான். அது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ஆசோ எட்டிப் பார்த்தாள். "என்னா, காலையிலேருந்து கடலையோட சண்டையா?"

அவள் எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையை இழுத்துக்கொண்டாள்.

தண்ணீர் பொங்கி அடுப்பில் வழிந்தது. நாங்கள் இரண்டு பேரும் அதை வழியவிட்டோம். வடித்து, தட்டில் ஊற்றி விசிறி ஆறவைத்தோம். நான் கம்பியைக் கையில் எடுத்தபோது வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது.

நான் முதலில் முகர்ந்துதான் பார்த்தேன். நாய் மாதிரி. விபூதி வாசமும் வேர்வையும் வந்தது. சம்சு வாசம் இல்லை. அவர் கையில் ஒரு பை நிறைய எலுமிச்சம்பழம். காவடிக்கு வாங்கி வந்திருக்கிறார். அவருக்கு அது சாதாரணமாகக் கடைக்குப் போய்விட்டு வந்த வேலை. அந்த நேரம் முழுவதும் நாங்கள் இரண்டு பேர் செத்துக்கொண்டிருந்தது அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய தேவையும் அவருக்கு இருந்ததில்லை.

அந்தப் பையிலிருந்து ஒரு பழத்தை எடுத்து நறுக்கி, ஒரு சொட்டுப் பிழிந்து அடித்தேன். வெளுத்தது. பொங்கியது. கம்பியைத் தூக்கினால் மூக்கு மாதிரி நின்றது. நான் சட்டியைத் தூக்கி அப்படியே கவிழ்த்துப் பிடித்தேன். விழவில்லை.

அவர் ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். "கடலை வாசம்தான்" என்றார். "சரி, பிஸ்கட்டக் கொண்டா."

அவ்வளவுதான். சந்தேகப்பட்டது தப்பு என்று யாரும் சொல்லவில்லை. முட்டை போடவில்லை என்பதை நான் வேர்த்து விறுவிறுத்து நிரூபிக்க வேண்டியிருந்தது. அவர் ஏன் குடிக்கிறார், ஏன் அடிக்கிறார் என்று நிரூபிக்கச் சொல்லி யாரும் அவர் முன்னால் சட்டியை வைத்ததில்லை.

தைப்பூசத்தன்று நான் அவர் பின்னால் பால்குடத்தோடு நடந்தேன். கடைப் பிஸ்கட் விஷயம் எனக்கு மட்டும்தானே தெரியும். அலகு குத்துகிற நேரத்தில் கண்ணை மூடிக்கொண்டேன். ரத்தம் கொட்டும், மயங்கி விழுவார், பிறகு ஏன் என்று கேட்பார்கள் என்று நினைத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. கன்னத்தில் வேல் சுத்தமாக ஏறியது. ஒரு துளி ரத்தம் இல்லை. "என்னா சுத்தம் பாருங்க, விரதம்னா இதுதான் விரதம்" என்று பக்கத்தில் ஒருவர் சொன்னார். வயிற்றில் மாட்டெலும்போடு அவர் ஆடிக்கொண்டே மலைக் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தார்.

காவடி எடுத்த பிறகு செய்கிற இடும்பன் பூசையோடு விரதம் முடியும். அன்று வீட்டில் ஆட்டுக்கறி கொதித்துக்கொண்டிருந்தது. லாரிக்காரர்கள் வாசலுக்கு வந்து, "அண்ணே, சாப்ட்டு வாங்க, காத்துகிட்டு இருக்கோம்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். எதற்குக் காத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். அவர் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினார். ஆணியில் சட்டை தொங்கியது.

அப்போது எனக்கு ஒன்று விளங்கியது. இந்த மனுஷனால் குடிக்காமல் இருக்க முடியும். நான் என் கண்ணால் பார்த்தேன். சாமிக்காக முடியும். எங்களுக்காக முடியாது. அவ்வளவுதான் வித்தியாசம்.

அண்ணி கறியை இறக்கிவைக்கும் வரை காத்திருந்தேன். அவர் தனியாக இருக்கும்போது சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. மகளை முதலிலேயே தம்பியோடு ஆசோ வீட்டுக்குப் போகச் சொன்னேன். இந்தத் தடவை போனாள். பின்கதவைத் திறந்து வைத்தேன். பிறகு சொன்னேன்.

"முன்னாடி நீங்க வாங்கித் தின்ன கடை பிஸ்கட்டுல மாட்டெலும்பு இருக்காம். ஆசோ அந்த மாதிரி கடையில வேல செஞ்சவங்க. அதனாலதான் நான் வீட்டுல செஞ்சேன்."

கரண்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"அப்பவே ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா என்னா செஞ்சிருப்பீங்க?"

அவர் எழுந்தார். நான் பின்கதவுப் பக்கம் ஒரு எட்டு வைத்தேன். ஆனால் அவர் என் பக்கம் வரவில்லை. கன்னத்தில் வேல் குத்திய இடத்தை, விபூதி அப்பியிருந்த அந்தப் புள்ளியை, விரலால் தடவினார்.

"எலும்ப வயித்துல வச்சிகிட்டா அலகு குத்துன?" என்றார் அண்ணி. மெதுவாகத்தான் சொன்னார். "சாமி குத்தம்டா தம்பி. சும்மா விடாது. மலையில லாரி ஓட்டுறவன் நீ."

கருவாட்டு விஷயத்தில் காவடி எடுக்கவே இல்லை, அதனால் குற்றமும் இல்லை. இது வேறு. எடுத்து, குத்தி, ஆடி முடித்தாகிவிட்டது. அவர் பெஞ்சில் உட்கார்ந்தார். முகத்தில் ரத்தம் இல்லை. அந்த முகத்தை எனக்கு நன்றாகத் தெரியும். சாயங்காலம் லாரிச் சத்தம் கேட்கும்போது கண்ணாடியில் நான் பார்க்கிற முகம் அது. அவர் மேல் அதைப் பார்த்தது அன்றுதான். பாவமாக இருந்தது என்று எழுதினால் பொய். எனக்கு நன்றாக இருந்தது.

ஆட்டுக்கறியைச் சட்டியோடு வேலிக்கு மேலே ஆசோவிடம் கொடுத்துவிட்டேன். அவரும் அண்ணியும் கோயில் பூசாரியைப் போய்க் கேட்டார்கள். தெரியாமல் செய்தது, பங்குனி உத்திரம் வரைக்கும் மறுபடியும் விரதம் இருந்து பால்குடம் எடுத்தால் தீர்ந்துவிடும் என்று பூசாரி சொன்னார். லாரிக்காரர்கள் காத்திருந்து காத்திருந்து போய்விட்டார்கள்.

எனக்குக் கிடைத்தது அந்த இடைவெளிதான். ஆசோ தன் பழைய ரொட்டிக் கடைக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போய் வேலைக்குச் சேர்த்துவிட்டாள். அவள் தங்கச்சி வீட்டின் பின்னறையை வாடகைக்குப் பேசி வைத்தோம். அவர் தினமும் என் பிஸ்கட்டைத் தின்றார். ஒவ்வொன்றையும் வாயில் போடுமுன் என் முகத்தைப் பார்ப்பார். ஒருமுறை, "இதுல ஒன்னும் இல்லையே?" என்று கேட்டார். "ஒன்னும் இல்ல, தின்னுங்க" என்றேன்.

பங்குனி உத்திரத்துக்கு முன்னாலேயே, அவர் வேலைக்குப் போயிருந்த ஒரு காலையில், பிள்ளைகளையும் துணிமணியையும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். விரதத்தில் இருக்கிறவர் தேடி வந்து கை வைக்கமாட்டார் என்ற ஒரே நம்பிக்கை. ஆசோ அந்தக் கம்பியை என் பையில் போட்டாள். விரதம் முடிந்ததும் அவர் குடித்தார் என்று கேள்விப்பட்டேன். தேடி வருவார் என்று மாதக்கணக்கில் பயந்தேன். ஒருமுறை வந்தார், ஆசோவின் தங்கச்சி புருஷன் கதவைத் திறக்கவில்லை.

பின்னறைக்குப் போன முதல் ஞாயிறு பிள்ளைகள் பஞ்சு பிஸ்கட் கேட்டார்கள். எங்களுக்கு விரதம் இல்லை, முட்டையே போட்டிருக்கலாம். ஆனால் எனக்குக் கடலைத் தண்ணீரில்தான் கை பழகியிருந்தது. நான் அடித்தேன். மகள் பாகு ஊற்றினாள். மகன் தேங்காய்ப் பூவைத் திருடித் தின்றான். அப்போது தெருவில் ஒரு லாரி வந்தது. மூன்று பேரும் அப்படியே நின்றோம். கம்பி சட்டிக்குள், பாகுக் கரண்டி அந்தரத்தில். லாரி வேகம் குறைந்தது, பள்ளத்தில் இறங்கி ஏறியது, தாண்டிப் போனது.

"ஊத்தவா அம்மா?" என்றாள் மகள்.

"ஊத்து" என்றேன்.